மைதான ஓரம்: கெண்டலை விடமாட்டேன் என்கிறீர்கள்

சென்ற இதழில் ஒருவர், “இங்கிலாந்தின் நடுக்கள வீரர்களில், பிறகு கிளப் மேலாளராகவும் தேறியவர் யார்?” என்று கேட்டிருந்தார். “ஹோவர்ட் கெண்டல்” என்று இரண்டே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். சோம்பேறித்தனத்துக்குத் தண்டனை உடனே வந்தது. கட்டுக்கட்டாகக் கடிதங்கள். ஆகவே இந்த வாரம் முழுவதும் கெண்டல்தான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும். கிரிக்கெட் எங்கும் ஓடிவிடாது.

ஒரு கல்லூரி மாணவர்: யார் சார் இந்தக் கெண்டல்? ஜெரார்டும் லாம்பார்டும் உங்கள் கண்ணில் படவில்லையா? பழையது என்றால்தான் உங்களுக்குப் பொன்னா?

என் வயதை ஏன் இழுக்கிறீர்கள், தம்பி? ஜெரார்டைக் குறைத்துச் சொல்லவில்லை. 2020-21 பருவத்தில் ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ் அணியை 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டத்துக்குக் கொண்டுபோனவர். ஆனால் இங்கிலாந்துக்குத் திரும்பி ஆஸ்டன் வில்லாவில் ஓராண்டைக்கூட முடிக்கவில்லை. லாம்பார்டும் செல்ஸியில் ஏறி இறங்கினார். எவர்ட்டனை 2022-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் காப்பாற்றிவிட்டு அடுத்த ஜனவரியில் அனுப்பப்பட்டார். இருவரும் விளையாட்டு வீரர்களாகக் கெண்டலைவிடப் பத்து மடங்கு புகழ் பெற்றவர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். கெண்டல் எவர்ட்டன் கிளப்பின் நடுக்களத்தில் ஆடி 1970-இல் லீக் பட்டம் வென்றார். அதே கிளப்பின் மேலாளராக 1985-இலும் 1987-இலும் மறுபடி வென்றார். கூடவே, தோற்றவர் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பை ஒன்று, கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியக் கோப்பை ஒன்று. ஆடிய கிளப்பிலேயே மேலாளராகவும் லீக் பட்டம் வென்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: எனக்குக் கோல் போடுபவரையும் தடுப்பவரையும்தான் தெரியும். நடுக்களத்தில் நிற்பவர் என்னதான் செய்கிறார்? கெண்டல் எப்படி ஆடினார்?

அம்மா, நல்ல கேள்வி. பலருக்கு இந்தச் சந்தேகம் உண்டு, கேட்கத்தான் கூச்சம். பந்தை எதிரியிடமிருந்து பறிப்பதும், பறித்ததை நம்மவரில் யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வதும்தான் நடுக்கள வீரரின் வேலை. மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவர் பெயர் வரும். பந்தை மீட்டுக் கொடுத்தவர் பெயர் வராது.

அறுபதுகளின் இறுதியில் எவர்ட்டனின் நடுக்களத்தில் மூவர் இருந்தார்கள்: ஆலன் பால், காலின் ஹார்வி, கெண்டல். ரசிகர்கள் இவர்களைப் ‘புனித மூவர்’ என்றே அழைத்தார்கள். பால் 1966 உலகக் கோப்பை வென்றவர்; சிவந்த தலையும் ஓயாத வாயுமாக மைதானம் முழுக்க ஓடுவார். ஹார்வி பந்தோடு வழுக்கிக்கொண்டு போவார். கெண்டல்? எதிரி காலைத் தூக்குவதற்குள் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடுவார். எழுந்து நிற்கும்போதே அடுத்த பாஸ் போய்விட்டிருக்கும். மூவரில் மிகக் குறைவாகப் பேசப்பட்டவர் அவர்.

அதற்கும் முன்பே ஒருமுறை நாடே அவரைப் பேசியது. 1964 மே 2, வெம்ப்ளி மைதானம், எஃப்.ஏ. கோப்பை இறுதி. பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்காகக் களமிறங்கிய கெண்டலுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் இருபது நாள் பாக்கி. எதிரில் பாபி மூர் தலைமையிலான வெஸ்ட் ஹாம். 3-2 என்று பிரஸ்டன் தோற்றது. தோற்கடித்த கோல் கடைசி நிமிடத்தில் விழுந்தது.

ஒரு வங்கி ஊழியர்: இங்கிலாந்து அணிக்கு எத்தனை ஆட்டம் ஆடினார்?

ஒன்றுகூட இல்லை.

ஒரு தீவிர ரசிகர்: மேலாளர் கெண்டலை எவர்ட்டன் ரசிகர்களே துரத்தப் பார்த்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

முழு உண்மை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1979-இல் அங்கே ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாவதுக்கு. அடுத்த பருவத்தில் கோல் வித்தியாசத்தில் மட்டுமே அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷன் கைநழுவியது. 1981-இல் எவர்ட்டன் கூப்பிட்டது. வந்ததும் ஏழு பேரை வாங்கினார். ‘அற்புத எழுவர்’ என்று பத்திரிகைகள் கொட்டி முழக்கின. எழுவரில் ஒருவர்தான் தேறினார். அந்த ஒருவர் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

1982 நவம்பரில், அப்போதைய சொந்த மைதானமான குடிசன் பார்க்கில், அண்டை வீட்டுப் பகையாளியான லிவர்பூலிடம் 5-0 என்று தோல்வி. இயான் ரஷ் மட்டும் நான்கு கோல். அன்றைக்குக் கெண்டல் தன் பழைய கிளப்பிலிருந்து கிளென் கீலி என்ற தடுப்பாட்டக்காரரைக் கடனாக வாங்கி இறக்கியிருந்தார். அரைமணி நேரம் சற்றே தாண்டியதும் நடுவர் அவரை வெளியேற்றினார். எவர்ட்டன் சட்டையில் அதுதான் அவருடைய முதல் ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுவே.

1983 டிசம்பரில் நிலைமை முற்றியது. கெண்டல் போக வேண்டும் என்று துண்டுப் பிரசுரங்கள் விநியோகித்தார்கள். அவர் வீட்டுக் கார் ஷெட்டின் கதவில் சாயத்தால் எழுதிவிட்டுப் போனார்கள். ஆண்டின் கடைசி நாளில் கவன்ட்ரியுடன் 0-0. பாதிக்கு மேல் காலியான மைதானம், மீதிப் பேரும் கூச்சல் போட்டுத் தீர்த்தார்கள். வேறு தலைவராக இருந்தால் புத்தாண்டுக்கு முன்பே கணக்கைத் தீர்த்திருப்பார். கிளப் தலைவர் பிலிப் கார்ட்டர் தீர்க்கவில்லை. அந்தப் பொறுமைக்கும் பட்டத்தில் பங்கு உண்டு என்பேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்டோக் நகரில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். வெளியூர் போய்க் குவிந்திருந்த எவர்ட்டன் ரசிகர்களின் பாட்டு உடைமாற்றும் அறைவரை கேட்டது. கெண்டல் பேச்சுக்குப் பதிலாக ஜன்னல்களைத் திறந்துவிட்டார். “கேளுங்கள், இவர்களையா ஏமாற்றப்போகிறீர்கள்?” அவ்வளவுதான். 2-0 வெற்றி. பிறகு, மூன்றாம் டிவிஷன் அணியான ஆக்ஸ்ஃபர்டிடம் லீக் கோப்பையில் தோற்றுக்கொண்டிருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் ஆக்ஸ்ஃபர்டின் கெவின் பிராக் தன் கோல்கீப்பரை நோக்கித் தட்டிய பந்து குறைவேகத்தில் போனது. ஏட்ரியன் ஹீத் குறுக்கே பாய்ந்து சமன் செய்தார். ஒரு மனிதனின் வேலை ஒரு சோம்பல் பாஸில் தொங்கியது. மே மாதம் அதே கெண்டல் வாட்ஃபோர்டை 2-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார்.

எல்லாம் அந்தப் பின்பாஸ் செய்த மாயம் என்று சொல்வது கதைக்கு அழகு. நான் முழுதாக நம்பவில்லை. அதற்குச் சற்று முன்புதான் பழைய தோழர் காலின் ஹார்வியை முதல் அணியின் பயிற்சியாளராக உயர்த்தியிருந்தார். நடுக்கள வீரர் பீட்டர் ரீட் காயத்திலிருந்து திரும்பியிருந்தார். முன்கள வீரர் ஆண்டி கிரே வந்து சேர்ந்திருந்தார்.

தையற்கடை நடத்தும் வாசகர்: கெண்டலின் தனித்திறமை எது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

மற்றவர் வேண்டாம் என்று ஒதுக்கியதில் மிச்சமிருக்கும் நெசவைப் பார்க்கும் கண். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது எளிதில் புரியும்.

ஒரு வரியோடு நிறுத்த மனமில்லை. ஆண்டி கிரேயை 1979-இல் வுல்வ்ஸ் கிளப் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டனில் அன்றைக்கு அதுவே உச்ச விலை. நாலே ஆண்டில் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன என்று ஊரே சொன்னது. கெண்டல் இரண்டரை லட்சத்துக்கு வாங்கினார். கால் முறிந்தும் முட்டி கெட்டும் கிடந்த பீட்டர் ரீட், போல்ட்டனிலிருந்து வெறும் 60,000 பவுண்ட். 1985-இல் சக வீரர்கள் வாக்களித்து அந்த ரீடைத்தான் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தார்கள். லிவர்பூலின் இரண்டாம் அணியில் துருப்பிடித்துக்கொண்டிருந்த கெவின் ஷீடியின் இடதுகால் ஒரு லட்சத்துக்குக் கிடைத்தது. ‘அற்புத எழுவரில்’ தேறியவர் என்றேனே, அவர் நெவில் சௌத்தால்: குப்பை அள்ளும் வேலையும் கட்டட வேலையும் பார்த்த வேல்ஸ் நாட்டவர், பரி என்ற சிறு கிளப்பின் கோல்கீப்பர். 1985-இல் கால்பந்து எழுத்தாளர்கள் விருது கொடுத்தது அவருக்கு.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். 1974-இல் எவர்ட்டனுக்குப் பாப் லாட்ச்ஃபோர்டு என்ற கோலடிப்பவர் தேவைப்பட்டார். பர்மிங்ஹாமுக்குப் பணத்தோடு இரண்டு ஆட்டக்காரர்களையும் சேர்த்துக் கொடுத்து வாங்கினார்கள். பழைய சைக்கிளைத் தள்ளிவிட்டுப் புதியது எடுப்பதுபோல. தள்ளிவிடப்பட்ட இருவரில் ஒருவர் கெண்டல்.

ஒரு கல்லூரி மாணவி: 1985-இல் ஐரோப்பியத் தடை இல்லாவிட்டால் எவர்ட்டன் ஐரோப்பியச் சாம்பியன் ஆகியிருக்குமா?

‘இல்லாவிட்டால்’ என்று தொடங்கும் கேள்விக்கு இந்தப் பத்தியில் பதில் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். 1984-85 பருவத்தில் எவர்ட்டன் 90 புள்ளிகளுடன் லீக்கை வென்றது. இரண்டாமிடத்து லிவர்பூலுக்கு 13 புள்ளி இடைவெளி. கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் பேயர்ன் மியூனிக்கை எதிர்கொண்டது. அங்கே 0-0, இங்கே இடைவேளையில் ஒரு கோல் பின்னடைவு. கெண்டல் தன் வீரர்களிடம் சொன்னதாகப் பலரும் நினைவுகூரும் வார்த்தை: பந்தைக் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் அனுப்புங்கள், கிளாடிஸ் தெருப் பக்கத்துக் கூட்டமே அதை உறிஞ்சி வலைக்குள் இழுத்துவிடும். ஷார்ப், கிரே, ஸ்டீவன் என்று மூன்று கோல்கள். மே 15 அன்று ராட்டர்டாமில் ரேபிட் வியன்னாவை 3-1 என்று வென்று கோப்பை. மூன்றே நாளில் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. பத்துப் பேரோடு ஆடிய யுனைடெட்டிடம்!

மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹேசல் மைதானத்தில், லிவர்பூல்–யுவென்டஸ் இறுதிக்கு முன் 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்களுக்கு ஐந்தாண்டுத் தடை. எவர்ட்டன் ரசிகர்களுக்கு அந்த ஆதங்கம் இன்றும் தீரவில்லை, அது நியாயமே. ஆனால் 39 பேர் வீடு திரும்பாத நாளைக் கோப்பைக் கணக்காக எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒரு பேருந்து நடத்துநர்: 1985 பட்டமா, 1987 பட்டமா? எது பெரிது?

1987. என்னோடு சண்டைக்கு வரலாம். 1985-இல் கையில் முழு அணி இருந்தது. 1986-இல் கேரி லினேக்கர் 40 கோல் போட்டும் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் லிவர்பூல் அடித்துக்கொண்டு போனது. லினேக்கர் பார்சிலோனாவுக்குப் போனார். பருவத் தொடக்கத்தில் சௌத்தால் காயம், ரீட் காயம். இன்னொரு நடுக்கள வீரர் பிரேஸ்வெல் பருவம் முழுக்க இல்லை. கெண்டல் என்ன செய்தார்? 32 வயதான பால் பவரை மான்செஸ்டர் சிட்டியிலிருந்து அற்பத் தொகைக்கு அழைத்துவந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பவர் பட்டம் வென்ற அணியின் முக்கிய ஆளானார். எவர்ட்டனுக்காக லீக்கில் அதிகக் கோல் போட்டவர் ஓரத்தில் ஓடும் டிரெவர் ஸ்டீவன். கிழிசலை ஒட்டுப்போட்டுக் கட்டிய பட்டம் அது.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: இவ்வளவு புகழ்கிறீர்களே, பிறகு ஏன் சறுக்கினார்?

1987-இல் அவர் ஸ்பெயினின் பில்பாவோ நகருக்குப் போனார். பாஸ்க் மண்ணின் வீரர்களை மட்டுமே ஆடவைக்கும் அத்லெடிக் கிளப். முதல் பருவத்தில் நான்காமிடம். 1989-இல் வேலை போனது. மான்செஸ்டர் சிட்டியைக் கரையேற்றினார். 1990-இல் எவர்ட்டன் மறுபடி கூப்பிட்டதும் ஓடிப்போனார். சிட்டியோடு இருந்தது காதல், எவர்ட்டனோடு இருப்பது கல்யாணம் என்றார். கல்யாணம் இரண்டாவது முறை இனிக்கவில்லை. 1993 டிசம்பரில், டையன் டப்ளின் என்ற முன்கள வீரரை வாங்க இயக்குநர்கள் பணம் தர மறுக்க, ராஜினாமா செய்தார்.

1997-இல் மூன்றாம் முறையும் போனார். போயிருக்கக் கூடாது. 1998 மே 10, பருவத்தின் கடைசி நாள். வெற்றி இல்லையென்றால் கீழ் டிவிஷன் என்ற பயம். எதிரில் மறுபடியும் கவன்ட்ரி. ஏழாவது நிமிடத்தில் எவர்ட்டனின் கேரத் ஃபாரெல்லி தூரத்திலிருந்து கோல் அடித்தார். பிறகு அதே அணியின் பார்ம்பி பெனால்டியை வீணாக்கினார். 89-ஆவது நிமிடத்தில் கவன்ட்ரி தலையால் முட்டிச் சமன் செய்தது. போல்ட்டன் அதே நேரத்தில் செல்ஸியிடம் தோற்றதால், கோல் வித்தியாசத்தில் எவர்ட்டன் பிழைத்தது.

கவன்ட்ரிக்காக அந்தக் கோலைப் போட்டவர் டையன் டப்ளின்.