ஒரே சர்வர், ரெய்டு 5, சாயங்காலம் ஆனா டாலி ஹேங்: இதுக்கு சான் ஸ்டோரேஜ் வாங்கணுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளி கொலுசு மொத்த வியாபாரம் பண்ற ஒரு கடையில சிஸ்டம் பாத்துக்கற வாசகர் எழுதியிருக்காரு. அஞ்சு வருஷம் ஆன டவர் சர்வர் ஒண்ணு, அதுல ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒண்ணா சேத்து ஓட்டற கார்டு), 4 டிபி ஹார்ட் டிஸ்க் நாலு, எல்லாம் 7200 ஆர்பிஎம், ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாத அமைப்பு. மேல இஎஸ்எக்ஸ்ஐ 7, ஃப்ரீ லைசென்ஸ், ஒரே சர்வருக்குள்ள பல கம்ப்யூட்டரை ஓட்டற விஎம்வேரோட ஹைப்பர்வைசர் சாப்ட்வேர் இது. டாலி, பில்லிங் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ், ஃபைல் ஷேர், டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸ் லாகின் எல்லாம் பாத்துக்கறது), 16 கேமரா ரெக்கார்டிங்னு மொத்தம் 5 விஎம், அதாவது சர்வருக்குள்ள ஓடற கம்ப்யூட்டர்கள். கேமராவைத் தவிர மீதி எல்லாம் சேர்ந்து 1.2 டிபி. இத்தனை வருஷம் நல்லா ஓடுனது ரெண்டு மாசமா சாயங்காலம் பில் போடற நேரத்துல ஹேங் ஆகுதாம், சர்வீஸ் பாக்கறவங்க சான் ஸ்டோரேஜ் (சர்வருக்கு வெளிய நெட்வொர்க்ல வெக்கற தனி டிஸ்க் பெட்டி) போட்டாத்தான் தீரும்னு பல லட்சத்துக்கு கொட்டேஷன் குடுத்துட்டாங்களாம், ஓனர்கிட்ட என்ன சொல்றதுன்னு கேக்கறாரு.

வேண்டாம்னு சொல்லுங்க. உங்க அளவுக்கு சான் தேவையே இல்லை. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பேக்கப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, டாலி டேட்டாவை தினமும் ஃபைல் ஷேர் விஎம்முக்கு காப்பி பண்றோம்னு, அதைப் படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு. அந்த ஃபைல் ஷேரும் அதே நாலு டிஸ்க் மேலதானே உக்காந்திருக்கு. ரெய்டு போச்சுன்னா ஒரிஜினலும் போச்சு, காப்பியும் போச்சு. அதனால கீழ சொல்றது எதையும் தொடறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்குல எஸ்க்யூஎல் பேக்கப், டாலி டேட்டா, ஃபைல் ஷேர் மூணையும் எடுத்து, கழட்டி பீரோவுல வெச்சுடுங்க.

இப்ப ஸ்லோ விஷயத்துக்கு வருவோம். "ரெண்டு மாசமா"ன்னு சொன்னீங்களே, எனக்கு அதுதான் முக்கியம். அதே டிஸ்க், அதே கேமரா, அதே அஞ்சு விஎம், இத்தனை நாள் ஓடுச்சு, திடீர்னு ஓடலைன்னா என்னமோ மாறியிருக்குன்னு அர்த்தம். அஞ்சு வருஷ சர்வர்னா நான் முதல்ல பாக்கறது ரெய்டு கார்டோட பேட்டரி. அந்த கார்டுல ஒரு கேஷ் மெமரி இருக்கும், விஎம் எழுதச் சொல்றதை அது வாங்கி வெச்சுக்கிட்டு உடனே "எழுதியாச்சு"ன்னு பதில் சொல்லிடும், டிஸ்க்குல பொறுமையா அப்புறம் எழுதும், இதுக்குப் பேரு ரைட் பேக். நடுவுல கரண்ட் போனா கேஷ்ல இருக்கறது போயிடக்கூடாதுன்னுதான் பேட்டரி. பேட்டரி செத்துப்போனா கார்டு தானாவே ரைட் த்ரூவுக்கு மாறிடும், அதாவது டிஸ்க்குல நிஜமா எழுதி முடிக்கற வரைக்கும் பதில் சொல்லாது. ஸ்கிரீன்ல எந்த எர்ரரும் வராது, சர்வர் மட்டும் நொண்டும். ரெய்டு கார்டோட மேனேஜ்மென்ட் ஸ்கிரீன்ல போய் பேட்டரி ஸ்டேட்டஸும் ரைட் பாலிசியும் பாருங்க. ஃபெயில்னு இருந்தா பேட்டரி மாத்தினாலே பாதி பிரச்சினை தீந்துடும், சானுக்குக் கேட்ட காசுல இது ஒரு மூலைக்கு வராது. சில பேரு பேட்டரி இல்லாமலே ரைட் பேக்கை ஃபோர்ஸ் பண்ணி வெச்சுடுவாங்க, வேகமும் வந்துடும், ஆனா தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஒருநாள் கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் கைவிட்டா எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் திறக்காது.

அடுத்தது மறந்துபோன ஸ்னாப்ஷாட், விஎம் அந்த நொடியில எப்படி இருந்துச்சோ அதை அப்படியே பிடிச்சு வெக்கறது. அப்டேட் போடறதுக்கு முன்னாடி யாராவது ஒண்ணு எடுத்துட்டு அப்படியே விட்டிருப்பாங்க. விஎம் ஃபைல் எல்லாம் இருக்கற டேட்டாஸ்டோரைத் திறந்து ஒவ்வொரு விஎம் ஃபோல்டர்லயும் பாருங்க, டிஸ்க் ஃபைல் பேருக்குப் பின்னாடி 000001னு வால் ஒட்டியிருந்தா ஸ்னாப்ஷாட் இருக்குன்னு அர்த்தம், அப்பலேர்ந்து எழுதினது பூரா அந்த ஃபைல்லதான் சேந்துக்கிட்டு இருக்கும், வளந்துக்கிட்டே போகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல வெச்சுக்கக்கூடாதுன்னு விஎம்வேரே சொல்லுது. ஸ்னாப்ஷாட் மேனேஜர்ல போய் டிலீட் குடுங்க, அது ஒரிஜினலோட சேத்துவிட்டுடும், பெருசா இருந்தா பல மணி நேரம் இழுக்கும், ஞாயித்துக்கிழமை பண்ணுங்க. அந்த 000001 ஃபைலை மட்டும் கையால அழிச்சுடாதீங்க, எடுத்த நாள்லேர்ந்து போட்ட பில் அத்தனையும் அதுக்குள்ளதான் இருக்கு.

இந்த ரெண்டையும் பாத்தாச்சுன்னா, சாயங்காலம் பில் போடற நேரத்துல எஸ்எஸ்ஹெச் (வேற கம்ப்யூட்டர்லேர்ந்து கமாண்ட் அடிக்கற வழி) மூலமா சர்வருக்குள்ள போயி இஎஸ்எக்ஸ்டாப்னு வேகம் காட்டற கமாண்டை ஓட்டுங்க, யூ எழுத்தை அழுத்துனா டிஸ்க் ஸ்கிரீன் வரும். டிஏவிஜின்னு ஒரு நெடுவரிசை இருக்கும், கார்டும் டிஸ்க்கும் பதில் சொல்ல எடுத்துக்கற நேரம் அது, மில்லி செகண்டுல. பக்கத்துல கேஏவிஜி, அது ஹைப்பர்வைசருக்குள்ளயே காத்துக்கிட்டு இருக்கற நேரம். டிஏவிஜி 20, 25க்கு மேலயே நின்னா டிஸ்க்கு தாங்கலைன்னு முடிவு பண்ணிக்கலாம். அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஓனர்கிட்ட பேசும்போது உதவும்.

தாங்காததுக்கு கணக்கு ரொம்ப சிம்பிள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒண்ணு செகண்டுக்கு சுமாரா 75 ரேண்டம் வேலைதான் (அங்கங்க தாவிப் படிக்கற, எழுதற வேலை) பண்ணும், நாலும் சேந்தா 300. ஆனா ரெய்டு 5ல ஒரு சின்ன ரைட் பண்ணணும்னா பழைய டேட்டாவைப் படிக்கணும், பழைய பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனா டேட்டாவை மீட்கற கணக்கு) படிக்கணும், புதுசை எழுதணும், புது பேரிட்டியை எழுதணும், ஆக ஒரு ரைட்டுக்கு 4 வேலை. 300ஐ 4ஆல வகுத்தா திரும்ப 75. நாலு டிஸ்க் வாங்கிப் போட்டும் ரேண்டம் ரைட்டுக்கு கிடைக்கறது ஒரு டிஸ்க்கோட வேகம்தான். இதுல கேமரா வேற ராத்திரி பகலா எழுதிக்கிட்டே இருக்கு. ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ்னு வெச்சா 16க்கு 64, அதாவது செகண்டுக்கு 8 எம்பி, ஒரு நாளைக்கு 690 ஜிபி கிட்ட. ஒவ்வொரு கேமராவும் வரிசையாத்தான் எழுதுது, ஆனா 16 வரிசையும் டாலியும் எஸ்க்யூஎல்லும் ஒரே டிஸ்க்கு மேல வந்து விழும்போது ஹெட்டு இங்கயும் அங்கயும் ஓடியே அலுத்துப்போயிடும். அதனால கேமராவை இந்த சர்வரை விட்டே வெளிய எடுங்க. தனி என்விஆர் (கேமரா ரெக்கார்டிங் பெட்டி), அதுல சிசிடிவிக்குன்னே வர்ற 8 டிபி டிஸ்க் ஒண்ணு, 10 நாள் ரெக்கார்டிங்குக்கு அது போதும்.

மீதி நாலு விஎம்முக்கு 1.92 டிபி என்டர்பிரைஸ் சாட்டா எஸ்எஸ்டி ரெண்டு வாங்கி ரெய்டு 1 போடுங்க, ரெண்டுலயும் ஒரே டேட்டா இருக்கும். சாம்சங் பிஎம்893, மைக்ரான் 5400, சாலிடைம் எஸ்4520 மாதிரி. லேப்டாப்புக்கு வாங்கற எஸ்எஸ்டி பாதி விலைக்கு வருமேன்னு ஓனர் கேப்பாரு. என்டர்பிரைஸ் எஸ்எஸ்டியில பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன்னு குட்டி கெப்பாசிட்டர்கள் இருக்கும், கரண்ட் போன அந்த நொடியிலயும் கையில இருக்கறதை எழுதி முடிச்சுடும், அந்த தைரியத்துலதான் டேட்டாபேஸ் கேக்கற ஒவ்வொரு ரைட்டுக்கும் சட்டுனு பதில் சொல்லுது. சாதா எஸ்எஸ்டி, அதுலயும் விலை கம்மியான க்யூஎல்சி ரகம், முதல் கொஞ்ச நேரம் பறக்கும், உள்ள இருக்கற கேஷ் நிறைஞ்சதும் சில சமயம் ஹார்ட் டிஸ்க்கை விட மோசமாப் போகும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரெய்டு கார்டு அந்த மாடலை ஏத்துக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

எஸ்எஸ்டி மேல புது டேட்டாஸ்டோர் போட்டதும் ஒவ்வொரு விஎம்மா ஆஃப் பண்ணி காப்பி பண்ணி, பழசை அன்ரெஜிஸ்டர் பண்ணிட்டு புதுசை ரெஜிஸ்டர் பண்ணுங்க. முதல் தடவை ஆன் பண்ணும்போது மூவ் பண்ணியா காப்பி பண்ணியான்னு ஒரு கேள்வி கேக்கும். "ஐ மூவ்டு இட்" தான் குடுக்கணும். காப்பின்னு குடுத்தா விஎம்மோட அடையாள நம்பர்களான யூயூஐடி, மேக் அட்ரஸ் எல்லாம் மாறிடும், அப்புறம் விண்டோஸ் ஆக்டிவேஷன், டாலி லைசென்ஸ்னு அன்னைக்கு முழுக்க அதுலயே போயிடும்.

சான் ஏன் வேண்டாம்னா, அது ரெண்டு மூணு சர்வர் ஒரே டேட்டாவைப் பங்கு போட்டுக்கறதுக்கு, ஒரு சர்வர் விழுந்தா இன்னொண்ணு அந்த விஎம்மை தூக்கி ஓட்டறதுக்கு. உங்ககிட்ட இருக்கறதே ஒரு சர்வர். 1 ஜிகாபிட் நெட்வொர்க்ல சாதா நாஸ் (நெட்வொர்க்ல வெக்கற ஃபைல் பெட்டி) வெச்சாலும் செகண்டுக்கு 110 எம்பிக்கு மேல போகாது, உள்ள இருக்கற ஒரு சாட்டா எஸ்எஸ்டியே 500 குடுக்கும். கூடவே விழறதுக்கு இன்னொரு பெட்டியும் ஒரு ஸ்விட்சும் சேந்துக்கும். பல சர்வரோட டிஸ்க்கை ஒண்ணா சேக்கற செஃப்னு யாராவது சொன்னா அதுக்கு குறைஞ்சது 3 சர்வர் வேணும், உங்களுக்கு இல்லை.

இஎஸ்எக்ஸ்ஐ 7க்கு 2025 அக்டோபர் 2ஓட சப்போர்ட் முடிஞ்சுது. 2023 பிப்ரவரியில பேட்ச் போடாம இன்டர்நெட்ல திறந்து வெச்சிருந்த இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை பணம் கேட்டு டேட்டாவைப் பூட்டற ரான்சம்வேர் கொத்துக் கொத்தா பூட்டுச்சு, அதனால மேனேஜ்மென்ட் பக்கம் வெளிய தெரியவே கூடாது. ஃப்ரீ லைசென்ஸ்ல இன்னொரு தொல்லை, வெளிய இருந்து விஎம்மை அப்படியே பேக்கப் எடுக்கற சாப்ட்வேர் பெரும்பாலும் வேலை செய்யாது. அடுத்த சர்வர் வாங்கும்போது இஎஸ்எக்ஸ்ஐ மாதிரியே வேலை பண்ற ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறிடுங்க, பேக்கப் அதோடவே வருது, இஎஸ்எக்ஸ்ஐல இருந்து இழுத்துக்கற வசதியும் இருக்கு. இப்ப இருக்கற சர்வர்லயே ப்ராக்ஸ்மாக்ஸ் போட ரெய்டு கார்டோட மோடை மாத்தி முயற்சி பண்ணாதீங்க, இருக்கற ரெய்டு அழிஞ்சுடும்.

சான்ல மிச்சமாகற காசுல கொஞ்சத்தை பேக்கப்புக்கு கேட்டு வாங்குங்க, இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். ஒரு பழைய டெஸ்க்டாப், அதுல புது டிஸ்க் ரெண்டு மிரர்ல. விஎம்முக்குள்ளயே வீம் ஏஜென்ட்னு ஒரு பேக்கப் சாப்ட்வேரோட ஃப்ரீ எடிஷன் போட்டு தினமும் ராத்திரி அதுக்கு எழுத விடுங்க. அந்த மெஷினை டொமைன்ல சேக்காதீங்க, பாஸ்வேர்டும் வேற எங்கயும் இல்லாததா இருக்கட்டும், ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டருக்கு ரான்சம்வேர் வந்தா அடுத்து அது தேடறது பேக்கப்பைத்தான்.

ஓனருக்கு ஏற்காட்டுல வீடு இருக்கு, ஃபைபர் நெட்டும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அது பெரிய வசதி. அங்க இன்னொரு சின்ன மெஷின் வெச்சு, விபிஎன் (நெட்ல போற பாதுகாப்பான தனி வழி) மூலமா அது சேலத்துல இருக்கற பேக்கப்பை ராத்திரியில இழுத்துக்கற மாதிரி வைங்க. சேலத்துல இருந்து மேல தள்ளற மாதிரி வேண்டாம், மேல இருக்கற மெஷினோட பாஸ்வேர்டு சேலத்துல எங்கயுமே இருக்கக்கூடாது. முதல் காப்பியை நெட்ல அனுப்பாதீங்க, 20 எம்பிபிஎஸ் அப்லோடுல 1.2 டிபி போக அஞ்சு நாளுக்கு மேல ஆகும். மெஷினை ஆபீஸ்லயே வெச்சு லேன்ல நிரப்பிட்டு கார்ல மேல கொண்டு போங்க, அப்புறம் தினமும் மாறினது மட்டும் போனாப் போதும். ஏற்காட்டுல இடி மின்னல் அதிகம், நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்க, வீட்டுக்கு வெளிய காப்பர் லேன் கேபிள் இழுக்காதீங்க. மாசத்துக்கு ஒருதரம் மேல இருக்கற காப்பியில இருந்து எஸ்க்யூஎல் விஎம்மை ஒரு டெஸ்ட் மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, நேத்து போட்ட கடைசி பில் நம்பர் அதுல இருக்கான்னு திறந்து பாருங்க.