சீழ் வடியும் காதும் பள்ளிக்கூடச் சீட்டும்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, 'இடது காதில் சீழ், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டவும்' என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. சளி பிடித்தால் காது வடியும், அப்புறம் தானாக நின்றுவிடும். பூண்டு எண்ணெய் விட்டால் போதும் என்கிறார் மாமியார். நான் பீடி சுற்றுகிறேன். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அவசியம் போகத்தான் வேண்டுமா? சொன்ன பேச்சே கேட்பதில்லை என்று டீச்சர் வேறு குறை சொல்கிறார்.
– ஒரு தாய், வீரவநல்லூர்

பதில்: போகத்தான் வேண்டும் அம்மா. டீச்சர் சொன்ன குறையைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பையனுக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்றுதான் தோன்றுகிறது. வலது காதை விரலால் நன்றாகப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று மெல்லிய குரலில் 'தோசை', 'வாழைத்தார்' என்று சொல்லிப் பாருங்கள். திருப்பிச் சொல்லத் திணறினால், அவனை இனி ஒரு வார்த்தை திட்டாதீர்கள். சரியாகச் சொல்லிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டுவிடாதீர்கள்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் சளி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும். அடிக்கடி சீழ் வைத்தால் செவிப்பறையில் ஓட்டை விழும். வடிவது நின்றாலும் ஓட்டை அப்படியே இருக்கலாம். அதில் பூண்டு எண்ணெயை விட்டால் நேரே நடுக்காதுக்குள் போகும். மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அவற்றில் சில உள்காதையே கெடுத்துவிடும்.

காது நனையவே கூடாது. பஞ்சை உருட்டி, மேலே வாசலின் தடவி, காதின் வாயில் வைத்துத் தலைக்கு ஊற்றுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். கன்னடியன் கால்வாயில் முங்கிக் குளிப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு இது பெரிய தண்டனைதான், தெரியும்.

சீட்டோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். 2013-இல் தொடங்கிய இந்தப் பள்ளிப் பரிசோதனைத் திட்டம் 18 வயது வரையான பிள்ளைகளுக்கானது. காது சீழும் அதன் பட்டியலில் இருக்கிறது, சிகிச்சைக்குக் காசு இல்லை. செவிப்பறையைப் பார்ப்பார்கள், எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பார்கள். மருந்தில் ஆறாத ஓட்டையை ஆபரேஷன் செய்து அடைக்க முடியும். வாயைத் திறந்தபடி, குறட்டை விட்டுத் தூங்குகிறானா? அதையும் சொல்லுங்கள், மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருந்தால் காது திரும்பத் திரும்ப வடியும்.

சீழில் கெட்ட நாற்றம், ரத்தம், காதின் பின்னால் வீக்கம், தலைசுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுவது, காய்ச்சலோடு கடும் தலைவலி – இதில் எது இருந்தாலும் கூலிக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

டீச்சரிடம் நாளைக்கே பேசுங்கள். கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் அவனுக்கு இடது கைப்பக்கம் வரும் ஓரத்தில், முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்.