பழைய காரில் முன் பிரேக் டிஸ்க்கை மாற்றிய பிறகு வரும் தொல்லைகள்: கேள்வி பதில்

முன்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தியவர்களும், இருந்த சிறிய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரு வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கோளாறானாலும் சோதித்துப் பார்க்காமல் அடுத்த உதிரிபாகத்தை வாங்காதீர்கள். எல்லோரும் புதிய டிஸ்க்கைத்தான் சந்தேகிக்கிறார்கள். என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை. அதோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய வேறொன்றில் இருக்கிறது.

கேள்வி: பெரிய டிஸ்க்கும் புதிய காலிப்பரும் (பேட்டுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) போட்டாயிற்று. பிரேக் ஆயிலிலிருந்து பலமுறை காற்று எடுத்தும் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. நிப்பிளில் குமிழே வரவில்லை. எங்கே தேடுவது?

பதில்: சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது உச்சியில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடது காலிப்பர் வலப்பக்கமும் வலது காலிப்பர் இடப்பக்கமும் போய்விட்டன. பல காலிப்பர்கள் இரு பக்கமும் தடையின்றிப் பொருந்திவிடும் என்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது. காற்று மேலே தங்கிவிடும், ஆயில் மட்டும் கீழ்வழியே வெளியேறும். நாள் முழுக்க மிதித்தாலும் ஒரு குமிழ்கூட வராது.

நிப்பிள் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால் பின்சக்கரத்தைப் பாருங்கள். கைப்பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் இப்போது உயரத்திலேயே பிடித்தால், பின் டிரம்மில் ஷூவுக்கும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பாகம்) டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகம். பெடலின் முதல் பாதி அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிறது. முன்சக்கரத்தில் வேலை செய்தவர்கள் பின்பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. இது மிகவும் பரவலான குறை. ஷூ உரசும்வரை அட்ஜஸ்டரைத் திருகிவிட்டு, சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். டிரம்மைத் திறக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பெடல் நடந்துகொள்ளும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. ஆழமாக இறங்கி அங்கே கெட்டியாக நின்றால், எங்கோ இடைவெளி அதிகம், அல்லது காலிப்பருக்கு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் உருளை) போதவில்லை. காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், வெளியில் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. காற்று எடுக்கும்போதே அதைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பழைய சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு பிடித்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அந்தத் துருவின்மேல் ஓடிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதியுங்கள்.

கேள்வி: மேற்படி கேள்வியைக் கேட்டவன்தான். நிப்பிளும் சரி, பின் ஷூவும் சரி. பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிடட்டுமா?

பதில்: கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டரை எடுத்துவிட்டு எட்டில் ஏழு பங்கு அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பரப்பு சுமார் 36 சதவீதம் கூடும். அதே கால் விசைக்குக் கிடைக்கும் அழுத்தம் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பெடல் உயரத்தில் நின்று கெட்டியாக இருக்கும், ஓட்டுபவருக்கும் திருப்தியாக இருக்கும், ஆனால் வண்டியை நிறுத்த முன்னைவிடப் பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். புதிய காலிப்பரின் பிஸ்டன் பரப்பு பழையதைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் மாஸ்டர் சிலிண்டரும் கூட வேண்டும். காலிப்பர் பிஸ்டனை அளக்காமல் சிலிண்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறினேன். கிளம்பும்போது எல்லாம் சரி. ஊருக்குள் கொஞ்ச நேரம் ஓட்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஆறிய பிறகு தானாகவே விட்டுவிடுகிறது. காலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டேன், பயனில்லை.

பதில்: இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிப்பதால் காலிப்பரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இரண்டு காலிப்பர்கள் ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுவது அரிது. கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில்தான் சோதிக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். டிஸ்க் சூடாக இருக்கும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நேராக நிப்பிளைத் திறக்கிறார்கள். சக்கரம் விடுபடும், ஆனால் தடயமும் போய்விடும். மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு (வெற்றிடத்தால் கால் விசையைக் கூட்டித் தரும் பாகம்) பிணைக்கும் நட்டுகளைச் சில மில்லிமீட்டர் தளர்த்தி, சிலிண்டரை முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டுவிட்டதா? அப்படியானால் இடையில் இருக்கும் தள்ளுகம்பி நீளமாக இருக்கிறது. பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கவில்லை, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கிறது. ஓட்ட ஓட்ட ஆயில் சூடாகி விரிகிறது, வெளியேற வழியில்லை, பேட் டிஸ்க்கை அழுத்துகிறது, அந்த உராய்வில் ஆயில் மேலும் சூடாகிறது. தானே தன்னை இறுக்கிக்கொள்ளும் சுழல் இது. கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்கும்படி சரிசெய்தால் தீர்ந்தது. பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் கம்பியின் நீளத்தைப் பாருங்கள். பெடல் நுனியில் சில மில்லிமீட்டர் வெற்று அசைவு இருக்க வேண்டும்.

நட்டைத் தளர்த்தியும் விடவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் குழாயின் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டருக்குள். உங்கள் விஷயத்தில் இதற்கும் வாய்ப்பு அதிகம். டிரம்முக்கென்று செய்த பல பழைய சிலிண்டர்களில் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று உண்டு. அது சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவில் அழுத்தத்தைக் குழாயில் நிறுத்திவைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அது தொல்லை தராது. டிஸ்க்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ரப்பர் சீலின் நெளிவு மட்டும்தான்; அதனால் இந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க முடியாது. முன் இணைப்பிலிருந்து அந்த வால்வை நீக்க வேண்டும், அல்லது டிஸ்க்குக்கான சிலிண்டரைப் போட வேண்டும். காலிப்பரைவிடத் தாழ்வாக, வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில் மாஸ்டர் சிலிண்டர் அமைந்த வண்டிகளில் மட்டும் டிஸ்க்குக்கு 2 பவுண்டு வால்வு போடுவார்கள், ஆயில் பின்னோக்கி வழிந்துவிடாமல் இருக்க.

குழாய் இணைப்பிலும் விடாமல் நிப்பிளில்தான் விடுகிறது என்றால் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் மட்டுமே காலிப்பர் பிஸ்டனையோ சறுக்கும் பின்னையோ பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. மாற்றிய புதிதில் இல்லை, சில மாதங்களில் வந்தது. டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக்.

பதில்: வளைந்திருக்க வாய்ப்புக் குறைவு. டிஸ்க் உட்காரும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) முகத்தில் பழைய துரு இருந்திருக்கும். அதைச் சுரண்டாமல் புதிய டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு செதில் துரு மாட்டிக்கொண்டாலும் டிஸ்க்கின் விளிம்பில் ஆட்டம் பெரிதாகிவிடும். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் ஒரே பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடம் தேயும், அல்லது அங்கே பேட்டின் பொருள் படியும். தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு வேறுபாடு வந்தாலே நடுக்கம் கையில் தெரியும். நடுக்கம் சில மாதம் கழித்து வந்ததற்குக் காரணம் இதுதான்.

டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். மீண்டும் மாட்டி, நட்டுகளை இறுக்கி, வெளிவிளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் வந்தால் நிம்மதி. பல தயாரிப்பாளர்கள் 0.1 வரை அனுமதிக்கிறார்கள். கூடுதலாக இருந்தால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். டிஸ்க்கின் கோணலும் ஹப்பின் கோணலும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் சில நேரம் கிடைக்கும். அளப்பதற்கு முன் வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் அளவே பொய்யாகிவிடும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, டார்க் ஸ்பேனரால், சீராக இறுக்குங்கள்.

கேள்வி: புதிய பேட்டைப் பழக்குவது அவசியமா?

பதில்: அவசியம். அதற்கு முன்பு டிஸ்க்கின் மேலிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். வெறிச்சோடிய சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 15 வரை மிதமாகக் குறையுங்கள். இப்படி எட்டுப் பத்து முறை. இடையில் முழுதாக நிறுத்தாதீர்கள். சூடான டிஸ்க்கின்மேல் பேட்டை அழுத்தி நின்றால் அந்த இடத்தில் அச்சு படியும். பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: இவ்வளவு செலவு செய்தும் வண்டி நிற்கும் தூரம் குறையவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பழைய பிரேக்கிலேயே ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டதா? ஆம் என்றால் எல்லை பிரேக்கில் இல்லை, டயரில் இருந்தது. சாலையைப் பிடிப்பது டயர். பெரிய டிஸ்க் தருவது வேறு: மலையிறக்கத்தில் அடுத்தடுத்து மிதித்தாலும் சூடேறிச் சோர்ந்துபோகாது, குறைந்த விசைக்கே பிடிக்கும். அதுவும் பெரிய நன்மைதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நிறுத்தும் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்று பின் பிரேக்கை வலுவாக்கப் போகாதீர்கள். பின்னால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைக் கழற்றி எறியாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டியரிங்கால் மீட்க முடியாது. முன்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் நேராகச் சறுக்கும், காலை எடுத்தால் சரியாகிவிடும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. திருகிச் சரிசெய்யும் வால்வு போடுவதானால் பின் குழாயில் மட்டும் போடுங்கள். ஆளில்லாத, ஈரமான தரையில் குறைந்த வேகத்தில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்க் போட்டபின் பெடல் கல்லாக இருக்கிறது. இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும்போல் தோன்றுகிறது. பூஸ்டர் கிடையாது.

பதில்: காரணத்தை நீங்களே கடைசியில் சொல்லிவிட்டீர்கள். டிரம்மில் சுழற்சியே ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை; உங்கள் கால் கொடுப்பதுதான் கிடைக்கும். எடை குறைந்த வண்டியில் சிறிய மாஸ்டர் சிலிண்டரும் மென்மையான பேட்டும் போதும். கனமான வண்டிக்குப் பூஸ்டர் போட்டுத்தான் ஆக வேண்டும். பந்தயத்துக்கான பேட் போட்டிருந்தால் அதை மாற்றுங்கள்; சூடேறாமல் அது பிடிக்காது.

பூஸ்டர் இருந்தும் இதே குறை சொல்பவர்களுக்கு: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. தாழாவிட்டால் வெற்றிடக் குழாய், ஒருவழி வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

கேள்வி: பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. இடது காலிப்பரைப் பிரிக்கவா?

பதில்: வலதைப் பிரியுங்கள். வண்டி நன்றாகப் பிடிக்கும் பக்கத்துக்கே இழுக்கும். வலப்பக்கத்தில் காலிப்பரின் இறுகிப்போன சறுக்கு ஊசி (பின்), அடைத்த ஹோஸ், எண்ணெய் பட்ட பேட் இவற்றில் ஒன்று இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் இருக்கும் புஷ்களைப் பாருங்கள். பழைய பிரேக்கின் விசையைத் தாங்கிய தேய்ந்த புஷ், புதிய பிரேக்கின் விசையில் நெளிந்து சக்கரத்தையே திருப்பிவிடும்.

கேள்வி: குண்டும் குழியுமான சாலையிலும் வளைவிலும் போய் வந்தால் முதல் மிதி ஆழமாகப் போகிறது, இரண்டாவது சரி.

பதில்: வீல் பேரிங்கில் ஆட்டம். டிஸ்க் பக்கவாட்டில் அசைந்து பேட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பேரிங்கைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எந்தப் பிரேக் ஆயில்?

பதில்: டாட் 4 போதும். கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன். மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4 குடும்பம்.

கேள்வி: புதிய காலிப்பர் வீலின் உட்புறத்தை உரசுகிறது. காலிப்பரைக் கொஞ்சம் அராவலாமா?

பதில்: கூடாது. அதன் உள்ளே உயர் அழுத்தத்தில் ஆயில் நிற்கிறது. வேறு வீல் தேடுங்கள். வீலுக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் போடுவதானால், நட்டு ஏறும் மரை நீளம் குறைந்தது போல்ட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான போல்ட்டாக மாற்றுங்கள். வீலின் உள்ளே ஒட்டிய பேலன்ஸ் எடையும் காலிப்பரில் தட்டக்கூடும். சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. ஸ்டியரிங்கை முழுதாக வலப்பக்கம் திருப்பினால் மட்டும் இடது ஹோஸ் விறைத்து நிற்கிறது. முழுதாகத் திருப்புவது அபூர்வம்தான். வீடுவரை ஓட்டிப் போகலாமா?

பதில்: வேண்டாம். இப்போது சக்கரம் எந்த உயரத்தில் இருக்கிறது? தரையில் நிற்கும்போதே விறைக்கிறது என்றால், சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும் நிலையில் இன்னும் நீளம் தேவைப்படும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் பிய்ந்துவிடும். வண்டி அங்கேயே நிற்கட்டும். சக்கரத்தைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, தேவையான நீளத்தை அளந்து சரியான ஹோஸை வரவழையுங்கள். மாட்டும்போது முறுக்கு விழாமல் பாருங்கள். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர் போடுங்கள். பிறகு பெடலைப் பலமாக ஒரு நிமிடம் அழுத்தி வைத்து, ஒவ்வோர் இணைப்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.