மழைமானிகள் ஏன் ஒத்துப்போவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் வகுப்பில் ஆறு குழுக்களும் பாட்டில் மழைமானி செய்தார்கள். ஒரே மழைக்கு ஒரு குழு 13 மி.மீ. என்கிறது, இன்னொன்று 23 என்கிறது. பிள்ளைகளுக்குச் செய்முறை மீதே நம்பிக்கை போய்விட்டது. எப்படிச் சரிசெய்வது? – அறிவியல் ஆசிரியை

பதில்: முதலில், அந்த ஆறு எண்களையும் கரும்பலகையிலிருந்து அழித்துவிடாதீர்கள். நல்ல பாடமே அதில்தான் இருக்கிறது. எந்த மானி ஏன் தவறியது என்று அவர்களே துப்பறியட்டும்.

முதல் சந்தேகம் பாட்டிலை வெட்டிய இடத்தின் மீது. மேல் பாகத்தை வெட்டி, தலைகீழாகப் புனல் போல வைக்கிறோம். பாட்டில் நேராக இருக்கும் பகுதியில் வெட்டினால்தான் புனலின் வாயும் கீழே தண்ணீர் சேரும் பாகமும் ஒரே அகலத்தில் இருக்கும். தோள்பட்டை வளையத் தொடங்கிய இடத்தில் வெட்டினால் வாய் குறுகிவிடும். உடல் 10 செ.மீ., வாய் 8 செ.மீ. விட்டம் என்றால், 20 மி.மீ. மழையை அது சுமார் 13 என்றுதான் காட்டும்.

இரண்டாவது, பாட்டிலின் அடி. அங்கே மேடுபள்ளம் இருப்பதால் அளவுகோலை அடியிலிருந்து ஒட்டக்கூடாது. கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்ஜியமாகக் குறிக்க வேண்டும். கல் கோட்டுக்கு மேலே தலைநீட்டினால் அளவு கூடும். மழையில்லாத நாட்களில் தண்ணீர் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே போனால் அடுத்த மழையின் அளவு குறையும். தினமும் ஒரே நேரத்தில் அளவைப் பார்த்ததும் தண்ணீரை மீண்டும் கோட்டுக்குக் கொண்டுவருவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். பார்க்கும்போது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும்; நீர்ப்பரப்பின் வளைவில் கீழ் விளிம்பே கணக்கு.

மூன்றாவது, வைத்த இடம். ஒரு சுவர் 3 மீட்டர் உயரம் என்றால் மானி அதிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மரத்தடியில் வைத்த மானி முதலில் குறைவாகக் காட்டும், பிறகு இலைச்சொட்டு விழுந்து கூடுதலாகவும் காட்டக்கூடும். மானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலாவது இல்லாவிட்டால் மண்ணில் பட்டுத் தெறிக்கும் நீரும் உள்ளே போகும்.

இன்னும் துல்லியமாகச் செய்ய அளவுகோலையே விட்டுவிடலாம். அடித்தண்ணீரும் வேண்டாம். சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி, மில்லிலிட்டரைப் புனல் வாயின் பரப்பால் (சதுர செ.மீ.) வகுத்து, 10-ஆல் பெருக்குங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; 157 மி.லி. சேர்ந்திருந்தால் மழை 20 மி.மீ. ஆறு மானிகளையும் ஒரே திறந்தவெளியில் வரிசையாக வைத்து ஒரு மழையை அளந்தபின், அவரவர் இடத்துக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு வரும் வேறுபாட்டுக்குக் காரணம் இடம்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி: வகுப்பறை உரத்தொட்டி நாறுகிறது. ஈ மொய்க்கிறது. புத்தகத்தில் படித்தபடி சூடும் ஏறவில்லை. – பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்

பதில்: என்ன நாற்றம் என்று பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிகுந்து, காற்று புகாமல் இருக்கிறது. கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், அதாவது நைட்ரஜன் மிகுதி. இரண்டுக்கும் மருந்து காய்ந்த சருகுதான். முதலாவதற்கு நன்றாகக் கிளறியும் விட வேண்டும். கொள்ளளவில் ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு சருகு. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம், கையே நனையாவிட்டால் போதாது. ஈக்கு வேறு மருந்து வேண்டாம், ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் மேலே நான்கு விரற்கடைச் சருகு மூடினால் போதும்.

சூடு ஏறாததற்குத் தொட்டி சிறியதாக இருப்பதே காரணம். 55–60 டிகிரி செல்சியஸ் எட்ட ஏறக்குறைய ஒரு கன மீட்டர் குவியல் வேண்டும். 20 லிட்டர் வாளியில் உண்டாகும் வெப்பம் உடனுக்குடன் வெளியேறிவிடும். அதனால் உரம் ஆகாமல் போகாது, மெதுவாக ஆகும். ஆனால் நோய்க்கிருமிகளை அழிக்கும் சூடு அதில் இல்லை என்பதால் இறைச்சி, பிராணிகளின் கழிவு எதையும் போடவே கூடாது. கிளறிய பின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: மண்ணைக் கண்ணாடிச் சாடியில் கலக்கி வைத்து மூன்று நாளாகியும் தண்ணீர் தெளியவில்லை. உப்புப் போடலாமா? – ஆசிரியர் பயிற்சி மாணவி

பதில்: வேண்டாம். உப்புப் போடச் சொல்லும் குறிப்புகள் பல உண்டு. தண்ணீர் தெளியும், ஆனால் மண்ணில் மணல், வண்டல், களி எவ்வளவு என்ற கணக்கு கெடும். களித்துகள்கள் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. உப்போ படிகாரமோ அவற்றைக் கட்டியாகச் சேர்த்துவிடும். கட்டியான களி வண்டலோடு சேர்ந்து சீக்கிரம் இறங்கும், பொதபொதவென்று தடித்தும் தெரியும். கல், வேர் நீக்கிய மண் மூன்றில் ஒரு பங்கு, மேலே தண்ணீர், சிட்டிகை சலவைத்தூள். ஐந்து நிமிடம் விடாமல் குலுக்கிச் சாடியை வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். இரண்டையும் அந்தந்த நேரத்தில் சாடியின் மேலேயே கோடிட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் களி. அது இறங்க நாட்கள் ஆகலாம், ஆகட்டும்.

கேள்வி: சருகுக்குள் இருக்கும் குட்டிப் பூச்சிகளைக் கொல்லாமல் எப்படிப் பார்ப்பது? – ஆறாம் வகுப்பு மாணவன்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஒரு புனலுக்குள் 4–5 மி.மீ. கண்ணுள்ள வலையைப் பொருத்தி, அதன்மேல் இரண்டு கைப்பிடி ஈரச் சருகைத் தளர்வாகப் போடு. புனலுக்குக் கீழே கறுப்புக் காகிதம் சுற்றிய டப்பா. அதில் நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டு. மேலே ஒரு சாண் உயரத்தில் விளக்கு. சருகு மேலிருந்து காயக் காய, வெளிச்சத்துக்கும் வறட்சிக்கும் பயந்து பூச்சிகள் கீழே இறங்கி டப்பாவில் விழும். எல்.இ.டி. விளக்கு இதற்கு அவ்வளவாக உதவாது, அதில் சூடு மிகக் குறைவு. பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், சருகு விளக்கைத் தொடவே கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை டப்பாவைப் பார். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, காலை எண்ணி, படம் வரைந்துகொள். எட்டுக் கால் இருந்தால் அது பூச்சியே அல்ல, சிலந்தி இனம். பூரான் வந்தால் கையால் தொடாதே. அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடு.

கேள்வி: ஐம்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். மைதானத்துச் செடிகளை எண்ண முடியுமா? – தலைமையாசிரியர்

பதில்: முடியும், பெயர் தெரிந்தாக வேண்டும் என்ற கவலையை விட்டால். ஐவர் குழு பத்து. ஒவ்வொன்றுக்கும் நான்கு குச்சியும் 1 மீட்டர் பக்கமுள்ள கயிற்றுச் சதுரமும். சதுரத்தைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். பூ இருக்கும் பக்கமாகத்தான் எறிவார்கள். சீட்டுக் குலுக்கி இரண்டு எண் எடுத்து, மூலையிலிருந்து அத்தனை அடி கிழக்கே, அத்தனை அடி வடக்கே நடக்கட்டும். செடிக்கு ‘அ’, ‘ஆ’ என்று பெயர் வைத்து ஓர் இலையை வரைந்தால் போதும். எல்லாக் குழுவுக்கும் ஒரே செடி ஒரே எழுத்தாக இருக்க, மாதிரி இலைகள் ஒட்டிய அட்டை ஒன்று நடுவில் இருக்கட்டும். புல்லைத் தனித்தனியாக எண்ண முடியாது. சதுரத்தில் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று மதிப்பிடுவதே வழி. கயிறு கட்டவே பதினைந்து நிமிடம் போய்விடும் என்பதால் சதுரங்களை முதல் நாளே கட்டி, சுருட்டி வைத்துவிடுங்கள்.