எலிக்குச் செலவழித்த காசு: வாசகர் கேள்வி-பதில்

மழை பிடித்து வளைகளில் தண்ணீர் ஏறினால் எலி வீட்டுக்குள் வரும். அதன் பின்னாலேயே கடிதங்களும் வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் எலிதான்.

அல்ட்ராசோனிக் எலி விரட்டி ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். பிளக்கில் மாட்டினால் நீல விளக்கு எரிகிறது. எலி போகவில்லை. இன்னும் விலை கூடிய மாடல் வாங்கிப் பார்க்கலாமா? (தாம்பரம்)

முதலில் வாங்கியதே வேலை செய்யவில்லை, அதற்கு மேல் எதற்கு இன்னொன்று? அல்ட்ராசோனிக் என்றால் நம் காதுக்குக் கேட்காத ஒலி; அந்த ஒலி சுவரைத் தாண்டாது, பீரோவையும் தாண்டாது. நேரே படுகிற இடத்திலும் எலிக்குச் சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001-லேயே இவற்றைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கே இன்னும் ஜோராக விற்கிறது. என் வீட்டிலும் ஒன்று உண்டு, ராத்திரி பாத்ரூம் போக வெளிச்சத்துக்கு ஆகிறது.

ரிட்டர்ன் நாள் இருந்தால் இன்றே திருப்பி அனுப்புங்கள். தாண்டிவிட்டதென்றால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

எலி கேக் வைத்தேன். "தின்ற எலி தண்ணி தேடி வெளியே போய்ச் செத்துடும்" என்றார் கடைக்காரர். இப்போது பரண் பக்கம் போக முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். (கும்பகோணம்)

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ஏறிவிடும். வெளியே போய்ச் சாவதாக எந்த எலியும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கடையில் விற்கும் கேக்குகள் பலவற்றில் இருப்பது 0.005 சதவீத புரோமாடியோலோன். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற உடனே வேலை செய்யாது, சில நாள் ஆகும். அது வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பதுதான். ஒன்று தின்ற கையோடு சுருண்டால் மற்றவை அந்தப் பக்கமே வராது. சரி, அந்தச் சில நாள் அது எங்கே இருக்கும்? உடம்பு தளர்ந்த எலி தனக்குப் பழகிய பொந்துக்குத்தான் போகும். உங்கள் வீட்டில் அது பரண், இன்னொரு வீட்டில் ஃபால்ஸ் சீலிங், வேறொரு வீட்டில் ஃப்ரிட்ஜ் பின்புறம். தண்ணீர் குடிக்க வெளியே போக வேண்டுமாம்! குளியலறை ஈரம், ஃப்ரிட்ஜ் அடித்தட்டு, சமையலறை சிங்க் எல்லாம் உள்ளேயே இருக்கும்போது அது எதற்குத் தெருவுக்குப் போகிறது?

அதைவிட மோசம் பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அந்த விஷத்தை முறிக்க மருந்தே கிடையாது. அதைத் தின்றவர் ஒரு நாள், இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிவார், அதற்குப் பிறகுதான் கல்லீரல் கெடும். எந்தக் கடையாவது மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், புகார் கொடுங்கள். கேக்குக்காவது வைட்டமின் கே ஊசி இருக்கிறது. அதற்காகக் குழந்தையும் நாயும் இருக்கிற வீட்டில் மூலைக்கு மூலை வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

இப்போதைக்கு: கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு பரணில் இருப்பதை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எலி கிடந்த இடத்தில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவிட்டு, ஈரமாகவே துடையுங்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். ரூம் ஸ்ப்ரே அடிப்பது வீண், இரண்டு நாற்றமும் சேர்ந்துகொள்ளும்.

அதே கேக்தான் நானும் வைத்தேன். தொடவே இல்லை. ராத்திரி கீச் கீச் என்று சுவரோரம் ஓடுகிறது. (தஞ்சாவூர்)

மூக்கு நீளமா? ஓடிய இடத்தில் ஒரு வாடையா? அது மூஞ்சூறு, எலியே இல்லை. பூச்சி தின்கிற பிராணி தானியத்தில் செய்த கேக்கை எதற்குத் தொடப்போகிறது? உங்கள் கரப்பான்பூச்சியைத்தான் அது தின்கிறது. கதவிடுக்கை அடையுங்கள், போதும்.

பொறியில் எது நல்லது? பசை அட்டை மலிவாக இருக்கிறதே. (ஈரோடு)

பசை அட்டை வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி தோல் பிய்ந்து மணிக்கணக்கில் துடிக்கும். விலங்கு நல வாரியம் அது கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, பல மாநிலங்கள் தடையும் போட்டுவிட்டன. எலியோடு பல்லியும் வந்து ஒட்டும்.

கம்பிக்கூண்டு வாங்குங்கள், ஆனால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கதவைத் தூக்கிக் கொக்கியை மாட்டிவிட்டு, உள்ளே இரை மாட்டும் கம்பியை ஒரு குச்சியால் லேசாகத் தொடுங்கள். பட்டென்று விழ வேண்டும். குச்சியை இழுத்து ஆட்டினால்தான் விழுகிறது என்றால், எலி வடையைத் தின்றுவிட்டு நிதானமாகத் திரும்பிப் போகும். விழுந்த கதவை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்பதால் கம்பி நெருக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். இரண்டு மூன்று நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, மசால் வடையோ கருவாடோ போட்டுப் பழக்குங்கள். கூண்டு நடு அறையில் இருக்கக் கூடாது, சுவரை ஒட்டி இருக்கட்டும்.

வாஷிங் மெஷின் வாங்கி ஐந்து மாதம். எலி அடியில் புகுந்து வயரைக் கடித்துவிட்டது. வாரன்டியில் வராது என்று 4,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. (மதுரை)

வயிறு எரிகிறது. வாரன்டி அட்டையின் பொடி எழுத்தில் எலி கடித்தால் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள், உங்கள் அட்டையிலும் பாருங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றாலோ, அல்லது விளம்பரத்திலோ நோட்டீஸிலோ "எலி புகாத அடித்தட்டு" என்று போட்டு விற்றிருந்தாலோ விடாதீர்கள். பில், நோட்டீஸ், கடித்த வயரின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதில் முடியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: ஷோரூமில் மெஷினைச் சாய்க்கச் சொல்லி அடியில் பாருங்கள். சில மாடல்களில் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும்.

எனக்கு 71 வயது. வருட ஒப்பந்தம் என்று முழுப் பணமும் வாங்கிக்கொண்டு இரண்டு முறை மருந்து வைத்தார்கள். இப்போது போனே எடுப்பதில்லை. (ஆவடி)

அம்மா, தவறு உங்களுடையது அல்ல. ரசீதும் ஒப்பந்தத் தாளும் இருக்கிறதல்லவா? வராத நாட்களுக்குரிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். பிறகு 1915. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூட வைத்துக்கொண்டு பேசுங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

பணத்தைவிட முக்கியமானது, வீட்டில் என்ன மருந்தை எங்கெங்கே வைத்தார்கள் என்பது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், வைத்தது இப்படி ஒரு நிறுவனம்தான். காசுக்கு மருந்து வைக்கிறவர்களுக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். உரிம நகலும் மருந்தின் பெயரும் எழுத்தில் தராதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெப்பர்மின்ட் எண்ணெய், பாச்சை உருண்டை? (கோவை)

வீடு மணக்கும். உருண்டையைக் குழந்தை வாயில் போட்டால் ஆஸ்பத்திரி.

ஏசி பைப் ஓட்டையில் ஃபோம் ஸ்ப்ரே அடித்தேன். ஒரே வாரத்தில் கடித்துத் துளைத்துவிட்டது. (திருச்சி)

ஃபோம் அதற்குப் பஞ்சு மாதிரி. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை இறுக்கி அடைத்து, மேலே சிமென்ட் பூசுங்கள். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு ஸ்டீல் ஜாலி, ஜன்னலுக்குக் கால் அங்குலத்துக்கும் சிறிய கண் கொண்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை, கதவுக்கு அடியில் அலுமினியப் பட்டை. எல்லாம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஓட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே சொன்ன எதை வாங்கினாலும் காசுக்குக் கேடு.

பூனை வளர்த்தால் எலி போகுமா? எங்கள் தெருவில் திடீரென்று எலி கூடிவிட்டது. (மேற்கு மாம்பலம்)

பாலும் மீனும் வைத்து வளர்க்கிற பூனை சோபாவில் தூங்கும். நம்பாதீர்கள்.

கூண்டில் பிடித்த எலிகளைக் கொல்ல மனம் வராமல் அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுகிறேன். சரிதானே? (மேற்கு மாம்பலம்)

முந்தைய கடிதத்தைப் படியுங்கள்.