மறுமுனையில் நின்றவன்

அன்புள்ள ஐயா,

2019இல் இலங்கை தென்னாபிரிக்காவை வென்ற டர்பன் டெஸ்டின் ஹைலைட்ஸை நேற்றுத் திரும்பவும் பார்த்தேன். குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153. 1999இல் பிரிட்ஜ்டவுனில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகளின் லாரா அடித்ததும் ஆட்டமிழக்காத 153. இரண்டிலுமே ஒரு விக்கெட்டால் வெற்றி. எது பெரியது? தனி ஒருவராக டெஸ்ட் வென்று கொடுத்தவர்களில் குசலை முதலாவதாக வைக்கலாமா? இந்தக் காலத்தில் டெஸ்டை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வாசகர், வவுனியா

தம்பிக்கு,

டெஸ்ட் பார்க்க ஆளில்லை என்ற கதையை என் தகப்பன் காலத்திலிருந்து கேட்கிறேன், அதை விடுங்கள். லாராவா குசலா என்பதும் மாம்பழமா பலாப்பழமா என்று கேட்பது மாதிரித்தான். லாரா தன் சொந்தச் சனத்துக்கு முன்னால் அடித்தார். குசல் அடித்தது அந்நிய மண்ணில், அதுவும் கன்பராவில் பந்து ஹெல்மெற்றில் பட்டு மைதானத்தை விட்டு வெளியேறி இரண்டு கிழமைகூட ஆகாத நிலையில். இரண்டையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஆனால் "தனி ஒருவராக" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் விடமுடியவில்லை. ஹைலைட்ஸ் பார்த்த பிழை அது. ஹைலைட்ஸில் அடித்த பந்து வரும், தடுத்த பந்து வராது.

வெற்றிக்கு 304 வேண்டும். ஒன்பதாவது விக்கெட் விழும்போது 226. அவுஸ்திரேலியாவில் இரண்டு டெஸ்டும் தோற்று, அணித்தலைவரையும் மாற்றிக்கொண்டு வந்த அணி. எதிரே அதற்கு முந்தைய மாதம்தான் பாகிஸ்தானை 3-0 என்று அனுப்பிவைத்த தென்னாபிரிக்கா. அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர்கள் ஸ்டெய்னும் ரபாடாவும் கையில் பந்தோடு நிற்கிறார்கள். அப்போதுதான் விஷ்வா பெர்னாண்டோ மட்டையோடு வருகிறார். அந்த டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் நந்நான்கு விக்கெட் எடுத்த பந்துவீச்சாளர் என்பதையாவது கவனித்தீர்களா? கடைசி விக்கெட்டுக்கு இருவரும் சேர்ந்து 78 ஓட்டம். அதில் விஷ்வாவினுடையது 6. அந்த 6க்கு அவர் சந்தித்தது 27 பந்து. அதாவது 27 தடவை ஆட்டம் முடிந்திருக்கலாம், முடியவில்லை. கராச்சியில் 1994இல் பாகிஸ்தானின் இன்சமாமும் முஷ்டாக் அகமதும் கடைசி விக்கெட்டுக்கு 57 எடுத்து அவுஸ்திரேலியாவை வென்றதுதான் அதுவரை சாதனை. குசலுக்கு சிங்கிள், அதாவது ஒற்றை ஓட்டம், கொடுத்து விஷ்வாவைப் பந்தைச் சந்திக்கும் முனைக்கு இழுத்தெடுப்பதுதான் தென்னாபிரிக்கா போட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் பிழையாக்கியது யார்? சிக்ஸர் அடித்தவரா, குனிந்து தடுத்தவரா?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் யோசிக்கலாம். காரணம் சொல்கிறேன்.

பதினாறு வயது எனக்கு. பக்கத்து ஊரோடு மென்பந்து ஆட்டம், கோயில் பின்வீதியில். அவர்களை நாங்கள் ஒருநாளும் அவர்கள் ஊரில் வைத்து வென்றதில்லை. அன்று என் கூட்டாளி ஒருத்தன் தனியே நின்று அறுபத்தொன்று அடித்துவிட்டான். பார்த்தீர்களா, நானும் "தனியே" என்றுதான் எழுதுகிறேன். கடைசி ஆள் நான். வேண்டியது ஒன்பது ஓட்டம். அவன் நடந்துவந்து என் காதுக்குள் சொன்னது இவ்வளவுதான்: "நீ ஒண்டும் செய்யாத. மட்டையை வை, அது காணும்." சரி என்று தலையாட்டினேன். இரண்டு பந்தை வைத்தேன். மூன்றாவது பந்து மெதுவாக மேலே வந்தது, மதில் கரையில் அவர்களுடைய ஊர்ப் பெட்டைகள் நின்றார்கள், அப்புறம் என்ன, கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். ஸ்டம்ப் என்று நட்டிருந்த பூவரசந் தடி மூன்றில் நடுத்தடி சரிந்தது. அவன் என்னை ஒரு சொல் ஏசவில்லை. கையுறையைக் கழற்றி என் மட்டையின் பிடியில் மாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பிரிட்ஜ்டவுனிலும் பாருங்கள், கடைசியில் லாராவோடு நின்றது கோட்னி வோல்ஷ். ஓட்டக் கணக்கில் பூச்சியம். அந்தப் பூச்சியம் இல்லாவிட்டால் 153 எங்கே போயிருக்கும் தம்பி?

குசலின் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று திரும்பக் கடிதம் எழுதாதீர்கள். பன்னிரண்டு பவுண்டரி, ஐந்து சிக்ஸர், ஸ்டெய்னையே தூக்கி அடித்தது எல்லாவற்றையும் நானும் எழுந்து நின்றுதான் பார்த்தேன். அடுத்த டெஸ்டையும் வென்று, தென்னாபிரிக்காவில் தொடர் வென்ற முதல் ஆசிய அணி என்று பெயரும் எடுத்தார்கள். அதையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள், முழு ஸ்கோர் அட்டையோடு.

டர்பன் ஆட்டம் முடிந்தது ஒரு சனிக்கிழமை. அந்தக் கூட்டாளி இப்போது கனடாவில். எப்போதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவதோடு சரி, வேறு கதை பேச்சு இல்லை. அன்று வாட்ஸப்பில் அவனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது:

"பார்த்தியா, மற்றவன் அடிக்கேல்லை."