வீட்டு ஆளுக்கு எதற்கு நன்றி?

கேள்வி: எனக்கு வயது 29. சென்னையில் மென்பொருள் துறையில் வேலை. இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரம் ஏற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டை விளையாடுகிறோம். அந்த நீண்ட கதை அடுத்த மாதம் முடிகிறது. நான் ஃபைட்டர் (போர்வீரன்), நண்பர்கள் மூவரும் விஸார்ட் (மந்திரவாதி), ரோக் (பதுங்கித் தாக்கும் கில்லாடி), பார்பேரியன் (ஆவேச வீரன்). ஒரு சண்டையில் என் ஃபைட்டர் இறந்து, ரிவிவிஃபை மந்திரத்தால் உயிர்ப்பிக்கப்பட்ட இரவை என்னால் மறக்கவே முடியாது. இவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல விரும்புகிறேன்; நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நண்பர்கள் மூவருக்கும் உலோகப் பகடை செட்டும், கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கு அந்தக் கதை உலகின் வரைபடத்தைச் சட்டம் போட்டும் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். காயம் ஆற்றும் கிளெரிக்காக விளையாடுவது என் தங்கை. வேறு யாரும் எடுக்காததால் அவள் எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டு ஆள்தானே, தனியாக ஒன்றும் தேவையில்லை. பரிசு கொடுத்தால் செயற்கையாகத் தெரியுமா? வேறு எப்படி நன்றி சொல்லலாம்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

பரிசு செயற்கையாகத் தெரியாது. புதுப் பகடையை வேண்டாம் என்று சொன்ன விளையாட்டுக்காரர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் “அவள் வீட்டு ஆள்தானே” என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்களே, என்னால் அப்படிப் போக முடியவில்லை.

அந்த வரி எனக்குப் புதிதும் அன்று. கிரிக்கெட் குழு நடத்துபவர், பஜனைக் குழுவில் பாடுபவர், கூட்டாகக் கடை வைத்திருப்பவர் என்று பலரும் யார் யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்கள் அனுப்பும் பட்டியலில் தங்கையோ மனைவியோ மைத்துனரோ யாராவது ஒருவர் தவறாமல் விடுபட்டிருப்பார். கேட்டால், நமக்குள் என்ன நன்றி என்பார்கள். நமக்குள் கணக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு, வாங்கிக்கொண்டவருக்குக் கிடையாது.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை வளர்ப்பார்கள். கதையை நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர். எடுத்த முயற்சி பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த முதல் பதிப்பில் போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் என்று மூன்று பாத்திர வகைகளே இருந்தன. கிளெரிக் என்பவர் தெய்வ அருளால் காயம் ஆற்றும் பூசாரி. வேண்டுமானால் ஆயுதமும் எடுப்பார்.

கிளெரிக் ஆடுவதற்கு ஆள் கிடைக்காத சங்கடம் உங்கள் வீட்டில் மட்டும் உள்ளதன்று. மற்றவர்கள் வாளைச் சுழற்றியும் தீக்கோளம் எறிந்தும் பெயர் வாங்கிக்கொண்டிருக்க, ஐந்து பேர் ஆடி முடிக்கும்வரை காத்திருந்து, வந்த தன் முறையையும் இன்னொருவருடைய காயத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடி காத்திருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். விதிகளை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், நன்னெறி சார்ந்த கிளெரிக் தயாரித்து வைத்திருக்கும் வேறொரு மந்திரத்தைத் தேவைப்பட்ட நேரத்தில் காயம் ஆற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விதி வந்தது. காலையிலேயே எல்லா மந்திரங்களையும் பிறர் காயத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் கட்டாயம் அதனால் தளர்ந்தது. 2008இன் நான்காம் பதிப்பில் ஹீலிங் வேர்ட் என்ற காயம் ஆற்றும் வித்தை சிறு செயலானது; விழுந்த தோழனை எழுப்பிவிட்டு அதே முறையில் எதிரியையும் அடிக்கலாம். 2014இன் ஐந்தாம் பதிப்பிலும் அது போனஸ் செயலாகவே தொடர்கிறது. எங்கோ இருக்கும் முகம் தெரியாத கிளெரிக் சலித்துப்போகக் கூடாதே என்று பதிப்புக்குப் பதிப்பு திருத்தியிருக்கிறார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன். உங்கள் கிளெரிக் அடுத்த அறையில் இருக்கிறாள்.

மறக்க முடியாத அந்த இரவுக்கு வருவோம். உயிர்ப்பித்தவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் விஸார்டும் ரோக்கும் பார்பேரியனும் இருக்கும் குழுவில் அதைச் செய்யக்கூடியவள் உங்கள் தங்கை ஒருத்திதான். ரிவிவிஃபை மந்திரத்தை, இறந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் போட வேண்டும். சண்டையில் ஒரு சுற்று என்பது ஆறு நொடி. அதற்குள் அவள் எதிரிகளைக் கடந்து நீங்கள் கிடந்த இடத்துக்கு வந்து உங்களைத் தொட்டாக வேண்டும். 300 தங்கக் காசு பெறுமான வைரம் அதில் அழியும். மந்திரம் போட எண்ணிக் கொடுக்கப்படும் வாய்ப்புகளில் (ஸ்லாட்) மூன்றாம் நிலை வாய்ப்பு ஒன்று தீரும். அதே ஸ்லாட்டில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் போட்டுத் தன்னைச் சுற்றி ஆவிகளை ஏவி, எதிரிகளைத் துவைத்தெடுத்து, அந்த இரவை அவள் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கலாம். நீங்கள் எழுந்ததும் ஒரே ஒரு ஹிட் பாயின்டோடு, அதாவது ஒரே ஒரு உயிர்ப் புள்ளியோடுதான். ஆகவே அடுத்த முறையிலும் அவள் கண் உங்கள் மேல்தான் இருந்திருக்கும். அந்த வைரத்தை அவள் எப்போது வாங்கினாள், தன் பங்குப் பணத்திலா, பொதுப் பணத்திலா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? மற்றவர்கள் கடைத்தெருவில் மந்திர வாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நம்மில் ஒருவர் சாகக்கூடும் என்று எண்ணி வைரம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட ஒருத்தி உங்கள் மேசையில் இருக்கிறாள். அவளுக்குத்தான் “தனியாக ஒன்றும் தேவையில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டில் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது கடமை, கடமைக்கு நன்றி எதற்கு என்பது உங்கள் எண்ணமாக இருக்கலாம். நான் அதை ஒப்ப மாட்டேன். நண்பருக்குப் பிடிக்காவிட்டால் வேறொரு மேசைக்குப் போய்விடுவார். தங்கை எங்கே போவாள்? ஆட்டம் நடப்பது அவள் வீட்டுக் கூடத்தில். எளிதில் மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர் செய்வதைத்தான் நாம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். மூத்தவராகப் பிறந்துவிட்டால், இளையவர் எதைச் சுமக்கிறார் என்பதை அவர் சொல்லாமலே கவனிக்கும் பொறுப்பு நம்மைச் சேர்ந்துவிடுகிறது. “வேறு யாரும் எடுக்காததால்” என்கிறீர்களே, அந்த வேறு யாரும் என்ற கூட்டத்தில் முதல் ஆள் அவளுடைய அண்ணன். ஞாயிறு மாலைகளில் ஆறு பேருக்கும் காபி போடுவது யார் என்றும் நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அது தவறென்றால் மகிழ்வேன்.

கூச்சம் என்ற காரணத்தையும் என்னால் ஏற்க முடியாது. குரலை மாற்றி, எழுந்து நின்று, டிராகனைப் பார்த்துச் சவால் விடும் ஒருவருக்கு, நண்பர் முகத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் பேச வராதா? கூச்சமே பெரிதென்றால் அதற்கும் விளையாட்டிலேயே வழி இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில், தன்னிடம் உள்ள இன்ஸ்பிரேஷன் என்ற பகடைச் சலுகையை ஒருவர் சக விளையாட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்கலாம். அழகாக ஒன்றைச் செய்தவருக்கு மற்றொருவர் தன் சலுகையைத் தருவதற்காகவே உள்ள விதி அது. ப்ரைம்டைம் அட்வெஞ்சர்ஸ் என்ற வேறொரு விளையாட்டில், பிறர் ஆடியதை ரசித்தவர் அங்கேயே ஃபேன் மெயில் என்ற பெயரில் ஒரு வில்லையை எடுத்துக் கொடுப்பார். பல குழுக்களில் ஸ்டார்ஸ் அண்ட் விஷஸ் என்ற வழக்கம் உண்டு: ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்று தமக்குப் பிடித்த ஒரு செயலையும், இனி நடக்க வேண்டும் என்று விரும்பும் ஒன்றையும் சொல்வார்கள். கடைசி நாள்வரை காத்திராமல் வருகிற ஞாயிறே இதைத் தொடங்குங்கள்.

சொல்லும்போது, “எல்லோரும் சூப்பர்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி உட்காராதீர்கள். ரோக் ஆடும் நண்பர் என்றைக்காவது தன் காட்சியைச் சுருக்கி உங்களுக்கு வழிவிட்டிருந்தால், அந்த நாளையும் அந்தக் காட்சியையும் சொல்லுங்கள். டன்ஜன் மாஸ்டருக்கு வரைபடம் நல்ல பரிசுதான். ஆனால் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் உட்கார்ந்து தயாரித்தவருக்கு, அவர் உருவாக்கிய பாத்திரங்களின் பெயர்களை நீங்கள் நினைவு வைத்திருப்பது அதைவிட இனிக்கும். ஒரு நாளாவது அவர் வெறும் விளையாட்டுக்காரராக உட்கார, நீங்கள் ஒரு சிறு கதையைத் தயாரித்து நடத்துங்கள். அது எவ்வளவு வேலை என்று அப்போது உங்களுக்கும் தெரியும்.

தங்கைக்கு நன்றி சொல்லும்போது நண்பர்கள் அனைவரும் இருக்க வேண்டும். அந்த வைரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த கதைக்காகப் பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் செஷன் ஜீரோ அன்று, யாரும் வாய் திறப்பதற்கு முன், கிளெரிக்கை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். அவளுக்கு உண்மையிலேயே அந்தப் பாத்திரம்தான் பிடித்திருக்கிறது என்றும் ஆகலாம். சிலருக்கு அது உயிர். அதை நண்பர்கள் நடுவில் கேட்டால் உங்களுக்காகச் சரி என்றுவிடுவாள். முந்தைய நாளே தனியாகக் கேளுங்கள், அவள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பகடை செட் மூன்றுக்குப் பதிலாக நான்காக வாங்குங்கள், நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். உலோகப் பகடை மர மேசையில் விழுந்தால் வடு விழும். துணி விரித்த தட்டுகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.